ரீல் பார்வையை வைத்து எத்தனை பீஸ் வெட்டலாம்?

திருப்பூர் நண்பருக்கு வணக்கம்ங்க. புது டி-ஷர்ட் டிசைனை ரீலாகப் போட்டு, முதல் மணி நேரப் பார்வையை வைத்துக் கட்டிங்குக்குச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீங்க.

போடுவதற்கு முன்பே எது ஓடும் என்று சொல்வது ஏறக்குறைய ஜோசியம். 2006-இல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் யாருக்கும் தெரியாத 48 பாட்டுகளைத் தனித்தனிக் கூட்டங்களிடம் விட்டுப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் 40-வது. பாட்டு அதேதான், அந்தக் கூட்டத்தில் முதலில் வந்தவர்கள் எதை டவுன்லோடு செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்; அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் போனார்கள்.

போட்ட பிறகு கணிக்கலாம், ஆனால் பொறுக்கணும். 2010-இல் வந்த சாபோ, ஹூபர்மன் ஆய்வில், டிக் (Digg) என்ற செய்திப் பகிர்வுத் தளத்தில் வந்த செய்திகள் பின்னால் எவ்வளவு ஓடும் என்று கணிக்க 2 மணி நேரக் கணக்கே போதுமானதாக இருந்தது. அதே துல்லியத்துக்கு யூடியூப் வீடியோக்களுக்கு 10 நாள் தேவைப்பட்டது. ரீலுக்கு உங்கள் பழைய ரீல்கள்தான் அளவுகோல். ஒவ்வொன்றும் 24 மணி நேரத்தில் எவ்வளவு, ஒரு வாரத்தில் எவ்வளவு என்று எக்செலில் போடுங்க. சனிக்கிழமை சம்பள ராத்திரி போட்டதை இன்னொரு சனிக்கிழமையோடுதான் ஒப்பிடணும். சராசரி வேண்டாம், ஒரே ஒரு வைரல் ரீல் அதைக் கெடுத்துவிடும். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்க.

அப்புறம், பார்வை ஆர்டர் ஆகாது. "சூப்பர் ப்ரோ" கமெண்டை விட்டுவிட்டு, "எக்ஸ்எல் இருக்கா, ஈரோட்டுக்குக் கூரியர் எவ்வளவு" என்று கேட்பவர்களை மட்டும் எண்ணுங்க. அது கூடினால் முதலில் ஒரு சின்ன லாட், துணி மிச்சம் கையில் இருக்கும் கலரில்.