நகரத் திட்டங்களின் நிலைத்தன்மையை எப்படி அளப்பது?

'ஒரு நகர்ப்புற உள்கட்டமைப்புத் திட்டம் நிலைத்தன்மை உள்ளதா என்று எந்த அளவுகோல்களை வைத்துச் சொல்வது?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால் முதுநிலைப் படிப்புக்கு ஆய்வறிக்கை எழுதுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஏதாவது ஓர் அட்டவணையை எடுத்து நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணமும் இருக்கலாம்.

அட்டவணைக்குப் பஞ்சமில்லை. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு மதிப்பெண் போடும் என்விஷன் என்ற முறை அமெரிக்காவில் 2012 முதல் இருக்கிறது. அதன் மூன்றாம் பதிப்பில் ஐந்து பிரிவுகள், 64 அளவுகோல்கள். நகரங்களுக்கென்று 2014-ல் ஐஎஸ்ஓ 37120 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. நம் நகராட்சிகளுக்கு மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-ல் கொடுத்த சேவைத் தர அளவுகோல்கள் உண்டு. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், வருவாய் தராத தண்ணீர் (கசிந்தும் கட்டணம் இல்லாமலும் போவது) 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதெல்லாம் அதில் வருபவை. இவை தேடினாலே கிடைக்கும். நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்தச் சேவைத் தர அளவுகோல்களில் உள்ள மழைநீர் வடிகால் பகுதிக்காக.

அதில் முக்கியக் கணக்கு இதுதான்: ஊரில் உள்ள சாலை நீளத்தில் எத்தனை சதவீதத்துக்கு வடிகால் இருக்கிறது? 100 இருந்தால் முழு வெற்றி. பக்காவாகக் கட்டி மூடிய வடிகாலுக்குத்தான் மதிப்பு, மண் வாய்க்கால் கணக்கிலேயே வராது. இன்னொரு கணக்கு, தண்ணீர் தேங்கும் இடங்கள். அது பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இந்த இரண்டும் கேட்பதில்லை.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். செட்டிநாட்டு ஊர் ஒன்றில் வடிகால் வேலை நடந்தபோது மேற்பார்வைக்குப் போயிருந்தேன். இந்தப் பக்கத்து ஊர்களைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் எல்லாம். அதனால் வீட்டைக் கட்டும்போதே தண்ணீருக்கு வழி வைத்துத்தான் கட்டினார்கள். ஓட்டுக்கூரை வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, நோக்கிச் சரியும். மழை முற்றத்தில் இறங்கும், அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெரு வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து ஊரணிக்கு. ஊரணி நிறைந்தால் கண்மாய்க்கு. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் ஏறியபோது எல்லாரும் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பேசினார்கள். எனக்கு இந்தத் தண்ணீர்ப் பாதைதான் பெரிது.

வேலை முடிந்து நல்ல மழை ஒன்று பெய்தது. தெருவில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. ஊரணியில் மட்டும் அடிச்சேறு அப்படியே கிடந்தது. லெவல் கருவியை வைத்துப் பார்த்தேன். ஊரணியின் வரத்து மடைக்கு அடியில் செம்புறாங்கல் ஒன்று கிடக்கும். புது வடிகாலின் அடிமட்டம் அந்தக் கல்லைவிட ஒன்றரை அடி தாழ்வு. ஏறிப் போக வழியில்லாத தண்ணீர் நேராக ஊர்க்கோடிக் கருவேலங்காட்டுக்குப் போய்விட்டது. படித்துறைக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏப்பா, இனிமே வாளியில மொண்டுதான் ஊத்தணுமா?" என்று கேட்டார்கள்.

அதை அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். "இதுக்குப் படிவத்துல கட்டமே இல்லையே" என்றார் மேலே இருந்தவர். வடிகால் நீளம் முழுசாக இருந்தது, தேக்கம் பூஜ்யம். திட்டத்துக்கு நல்ல மதிப்பெண் போய்ச் சேர்ந்தது. அடுத்த கோடையில் அந்தத் தெருக் கிணறுகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வற்றின. மழை குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரணி நிறைந்த வருஷங்களில் அந்தக் கிணறுகள் எப்படி இருந்தன என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உடனே ஒருவர் வந்து, தெருத் தண்ணீர் சாக்கடை கலந்தது, அதை ஊரணியில் விடலாமா என்பார். கூடாதுதான். அப்படியென்றால் எத்தனை வீட்டுக் கழிவுநீர்க் குழாய் மழைநீர் வடிகாலில் சொருகப்பட்டிருக்கிறது என்பதை அளவுகோலாக வையுங்கள். அளப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை, எண் இல்லாவிட்டால் எதையும் வாதாட முடியாது. எதை எண்ணுகிறோம் என்பதில்தான் என் சண்டை.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் வீட்டை இடித்து, பர்மாத் தேக்குத் தூணைத் தனியாக, கதவைத் தனியாகக் காரைக்குடிக் கடைகளுக்கு விற்கிறார்கள். அது எங்கோ ஒரு நட்சத்திர ஓட்டலின் வரவேற்பறையில் போய் நிற்கிறது. நூறு வருஷம் கடந்தும் வாழக்கூடிய வீட்டை உடைத்துவிட்டு, அதே மனையில் வளவு இல்லாத கான்கிரீட் பெட்டி எழுப்புகிறார்கள். அதன் மொட்டை மாடித் தண்ணீரும் அந்த வடிகாலுக்குத்தான் வருகிறது.

சரி, உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். முதலில், திட்டத்துக்கு முன்பு அந்த இடத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பதிவு செய்யுங்கள். ஊரணி, கிணற்று நீர்மட்டம், மண் வாய்க்கால் எல்லாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை அளந்தால்தான் ஒப்பிட முடியும். பத்தாவது வருஷம் தூர்வார யாரிடம் பணம் இருக்கும் என்று கேளுங்கள். கட்டும் செலவோடு பராமரிப்புச் செலவையும் சேர்த்து ஆயுட்காலக் கணக்காகப் போடுங்கள். சிமெண்டுக்கு ஆகும் கரியமில வாயுக் கணக்கைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குச் சூத்திரம் தயாராக இருக்கிறது. வடிகாலின் அடிமட்டம் எங்கே எவ்வளவு என்று காட்டும் மட்ட வரைபடத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்காமல் வராதீர்கள். நீளம் எல்லாரும் கொடுப்பார்கள், மட்டம் கேட்டால்தான் இழுத்தடிப்பார்கள்.