காலையில் வெட்டுகிறது, மதியம் வெட்டவில்லை

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் மதுரையில் அக்ரிலிக், எம்டிஎஃப் பலகையில் வீட்டுப் பெயர்ப்பலகை, கல்யாணப் பரிசுப் பொருட்கள் வெட்டிக் கொடுக்கிறோம். போன வருஷக் கடைசியில் 80 வாட் லேசர் மெஷின் வாங்கினோம். கூடவே 'வாட்டர் சில்லர்' (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) என்று சிடபிள்யூ-3000 பெட்டி ஒன்றையும் பில்லில் சேர்த்துக் கொடுத்தார்கள். சித்திரை பிறந்ததிலிருந்து தொல்லை. காலையில் 5 மி.மீ. அக்ரிலிக் ஒரே ஓட்டத்தில் அறுந்து விழுகிறது. மதியம் இரண்டு முறை ஓட்டினாலும் விழுவதில்லை. சில நாள் பீப் சத்தத்தோடு மெஷினே நின்றுவிடுகிறது. விற்றவர், லேசர் ஒளி பிறக்கும் கண்ணாடிக் குழாயைக் காட்டி, "டியூப் போச்சு, புதுசு போடுங்க" என்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள் அம்மா. டியூப் கெட்டிருந்தால் காலையிலும் அந்தச் சோர்வு தெரியும். வெயில் ஏற ஏற வலு குறைகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது, டியூபைக் குளிர்விக்க அதன் வழியே ஓடும் தண்ணீரை.

உங்களிடம் இருப்பது சில்லரே இல்லை. சிடபிள்யூ-3000 பெட்டிக்குள் ஒரு தொட்டி, பம்பு, ரேடியேட்டர், ஃபேன் இவ்வளவுதான். கம்ப்ரசர் கிடையாது. அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகத் தண்ணீரை அதனால் ஆக்கவே முடியாது. தண்ணீர் அறையைவிட 1 டிகிரி சூடாக இருந்தால் 50 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும், அதுதான் அதன் திறன். உங்கள் டியூப் ஓடும்போது 400 வாட் வெப்பம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் அறையைவிட 8 டிகிரி மேலே போய்த்தான் நிற்கும். பட்டறைக்குள் 38 டிகிரி என்றால் தண்ணீர் 46. டியூபுக்கு நல்லது 25 டிகிரிக்குள். இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பெட்டி சூட்டுக்காகக் கத்துவது 60 டிகிரியில்தான். அது சும்மா இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே டியூபின் ஆயுள் போய்க்கொண்டிருக்கும்.

அப்படியானால் பீப் சத்தம்? அது பெரும்பாலும் வேறு கோளாறு. தண்ணீர் ஓட்டம் குறைந்தால் ஃப்ளோ ஸ்விட்ச் மெஷினை நிறுத்திவிடும். மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா, தொட்டியில் மட்டம் இறங்கியிருக்கிறதா, பாசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தொட்டிக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்துக்குள் விட்டு, பெட்டியை மட்டும் ஓடவிடுங்கள். லேசர் அணைந்தே இருக்கட்டும். அரை நிமிடத்துக்குள் நிறைந்தால் ஓட்டம் பரவாயில்லை. அதற்கு மேல் இழுத்தால் அடைப்பு, இல்லையென்றால் பம்பு தளர்ந்திருக்கிறது. ஓட்டம் நன்றாக இருந்தும் மெஷின் நின்றால் சந்தேகம் ஃப்ளோ ஸ்விட்ச் மேல். அதைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். யார் சொன்னாலும் அந்த ஸ்விட்சின் ஒயர் இரண்டையும் முறுக்கிச் சேர்த்து ஓட்டாதீர்கள். தண்ணீர் இல்லாமல் லேசர் எரிந்தால் டியூப் வெடிக்கச் சில நிமிடம் போதும்.

நிரந்தரத் தீர்வு, கம்ப்ரசர் உள்ள சிடபிள்யூ-5000 ரகம். 80 வாட்டுக்கு அது போதும். நாளைக்குப் பெரிய டியூப் போடும் எண்ணம் இருந்தால் 5200 வாங்குங்கள். பெட்டி வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. அறை வெப்பத்தைப் பின்தொடர்ந்து ஓடும்படிதான் தொழிற்சாலையில் வைத்து அனுப்புவார்கள். அதை நிலையான வெப்பநிலைக்கு மாற்றி 23, 24 டிகிரியில் வையுங்கள். ஆசைப்பட்டு 17, 18-க்கு இறக்கினால், புழுக்கமான நாளில் சில்லென்ற சொம்பு வியர்ப்பதுபோல டியூப் வியர்க்கும். பல ஆயிரம் வோல்ட் ஓடும் இடத்தில் அந்த ஈரம் ஆபத்து. புதுப் பெட்டி வரும்வரை மதிய வேலையைக் காலைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால், மூடிய பாட்டிலில் உறைய வைத்த ஐஸைத் தொட்டியில் மிதக்க விடலாம், காலையில் இருந்தே, சிறிது சிறிதாக. சூடேறிய டியூபுக்குள் திடீரென்று குளிர்ந்த நீர் போனால் கண்ணாடி விரிசல் விடும்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். சில்லர் என்று பில்லில் எழுதி ரேடியேட்டர் பெட்டியைக் கொடுத்ததை எழுத்தில் சுட்டிக்காட்டி, மாற்றித் தரச் சொல்லுங்கள். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று பதில் வரலாம். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நகரவில்லை என்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

கேள்வி: லேசர் மெஷின் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? பாசி வராமல் இருக்கக் கார் கூலன்ட் கலக்கச் சொல்கிறார்கள். (திருப்பூர் வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சமிருக்கும், கூலன்ட் கலந்தால் இன்னும் மோசம். உயர் மின்னழுத்தம் தண்ணீர் வழியாகக் கசியப் பார்க்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறம் மாறினால் அதற்கு முன்பே. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் கண்ணாடி போன்ற ஹோஸுக்குப் பதில் கறுப்பு ஹோஸ் போடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றிய அன்று டியூபுக்குள் குமிழி தங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் மூக்கு மேல்பக்கம் இருந்தால்தான் காற்று போகும். குமிழி நின்ற இடத்தில் தண்ணீர் கண்ணாடியைத் தொடாது, அங்கேதான் முதலில் விரிசல் விழும்.