ஆடியில் பார்த்து, ஆவணியில் குடிபோகலாம்

சத்தியமங்கலத்திலிருந்து அழைத்த ஐயாவுக்கு,

மகளுக்குக் கோவை பீளமேட்டில் பொறியியல் இடம் கிடைத்ததைச் சொன்னபோது உங்கள் குரலில் மகிழ்ச்சியைவிடப் பதற்றம்தான் கூடுதலாக இருந்தது. கல்லூரி விடுதி நிரம்பிவிட்டது. தரகர் ஒரு வீடு காட்டியிருக்கிறார்: மாதம் 14,000 வாடகை, 1,40,000 அட்வான்ஸ். நாளை மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். கட்டிவிடட்டுமா என்று கேட்டீர்கள்.

கட்ட வேண்டாம்.

கல்லூரிச் சேர்க்கை நடக்கிற வாரங்களில் பீளமேடு, ஹோப் காலேஜ் பக்கம் போய்ப் பாருங்கள். கையில் சான்றிதழ்ப் பையோடு உங்களைப் போன்ற பெற்றோர்தான் தெருவெங்கும் நிற்பார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் சொன்னதுதான் விலை. அதைவிட முக்கியமானது, 14,000 ரூபாய் வீட்டை ஒரு பெண் தனியாகச் சுமக்க முடியாது. மூன்று பேர் பகிர்ந்தால் தலைக்கு ஐயாயிரத்துக்குள் அடங்கும். அந்த மற்ற இருவர் யார் என்பது வகுப்பு தொடங்கிய பிறகுதான் உங்கள் அம்மணிக்கே தெரியும்.

ஆகவே முதல் ஓரிரு மாதங்களுக்கு, மாதாமாதம் பணம் கட்டுகிற பெண்கள் விடுதி ஒன்றில் சேர்த்துவிடுங்கள். பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்று 2014-இல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த விடுதியைப் பாருங்கள். பகலில் போய் அறையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய், தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள்.

வீடு தேடும் வேலையை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆனியில் காலியான குடும்ப வீடு ஒரு மாதம் பூட்டியே கிடக்கும்; வீட்டுக்காரரும் கொஞ்சம் இறங்கி வருவார். பார்த்துப் பேசி முடித்து, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபோகலாம்.

எங்கே தேடுவது? கல்லூரி வாசலில் தேடாதீர்கள். சரவணம்பட்டியும் வேண்டாம், அங்கே மென்பொருள் நிறுவனச் சம்பளக்காரர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். உங்கள் ஊர் பஸ் அன்னூர், சரவணம்பட்டி, கணபதி வழியாகத்தானே காந்திபுரம் வருகிறது? கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த பகுதி; தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் இன்னும் உண்டு. கதவில் தொங்கும் டூலெட் பலகையைப் பார்த்துக் கேட்டால் தரகருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகை உங்களுக்கு மிச்சம். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை அங்கே போய் நில்லுங்கள். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடுகிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அங்கிருந்து கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் வந்துவிடாதீர்கள். கோவை என்றாலே சிறுவாணித் தண்ணீர் என்று ஊரில் பெருமை பேசுகிறோம். எல்லாத் தெருவுக்கும் அது வருவதில்லை. குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். போர்வெல் தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் வைத்துப் பாருங்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பா, வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த உள்மீட்டரா என்பதும் முக்கியம். தனி இணைப்பென்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்கள் மகளுக்குக் கிடைக்கும். உள்மீட்டர் என்றால் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததே கணக்கு.

இனி அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. 14,000 ரூபாய் வீட்டுக்கு அது 42,000. அந்த ‘வேறுவிதமாக’ என்ற சொல்லில்தான் நீங்கள் மல்லிகை விற்ற பணம் ஒரு லட்சம் மாட்டிக்கொள்ளும். கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள். பதினோரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று தரகர் சொல்வார். அது பழைய கதை. இப்போது எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். மகளுக்குப் பதினேழு வயது என்றீர்கள். பதினெட்டு முடியாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. உங்கள் பெயரில் எழுதுங்கள்.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நானே ஏமாந்திருக்கிறேன். என் தம்பி மகன் மூன்றாண்டு இருந்த வீட்டைக் காலி செய்தபோது, வெள்ளையடிக்க என்றும், குளியலறைத் தரை விரிசலுக்கு என்றும் அட்வான்சில் பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். அந்த விரிசல் நாங்கள் சாவி வாங்கிய அன்றே இருந்தது. நான் அதைக் காலால் தடவிப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. படம் எடுக்கத் தோன்றவில்லை. நீங்கள் சாவி வாங்கும் அன்றே சுவர், தரை, குழாய், மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து, வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதி அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

பணத்துக்கு வழி: கல்விக்கடன் விண்ணப்பத்தில் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வெளியே தங்கினாலும் நியாயமான தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். அம்மணி அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரியிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் கல்லூரி மாணவியர் விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். சாதி, வருமானச் சான்றிதழ்களோடு அங்கே ஒருமுறை கேட்காமல் வாடகை வீட்டுக்குப் போகாதீர்கள். அரசு விடுதி என்றதும் சிலர் கௌரவம் பார்க்கிறார்கள். எனக்கு அது புரிந்ததே இல்லை.

தரகருக்கு இன்றே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை பூப்பறித்து அனுப்பிவிட்டு, அம்மணியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். காந்திபுரம் வரை வர வேண்டாம், கணபதியிலேயே இறங்கிவிடுங்கள்.