சிறகடிக்கும் ரோபோ பறவை: வாங்கலாமா?

கேள்வி: தொடக்கநிலை 5ல் படிக்கும் என் மகன் சிறகடித்துப் பறக்கும் ரோபோ பறவை கேட்டு அடம்பிடிக்கிறான். இணையக் கடையில் ஒன்று 89 சிங்கப்பூர் வெள்ளி. கேமரா உண்டாம், அந்தரத்தில் அப்படியே நிற்குமாம், அரை மணி நேரம் பறக்குமாம். நம்பலாமா? எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள திடலில் விடலாமா?
- ஒரு தாய், செங்காங்

பதில்: அதை வாங்க வேண்டாம் அம்மா. அந்த மூன்றும் சேர்ந்த பறவை அந்த விலைக்குக் கிடைக்காது.

வால் வைத்த பறவை பொம்மை முன்னே போனால்தான் மேலே நிற்கும். தேன்சிட்டைப் போல ஒரே இடத்தில் நிற்பது வேறு வித்தை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் 2018ல் காட்டிய டெல்ஃபிளை நிம்பிள் என்ற சிறகு ரோபோ அப்படி நிற்கும். எடை 29 கிராம். அதுவே ஒரு மின்னேற்றத்தில் ஐந்து நிமிடந்தான் நின்றது. பொம்மையாக விற்பனைக்கு வந்த பிரெஞ்சு மெட்டாஃபிளை 10 கிராமுக்கும் குறைவு. அதைச் செய்தவர்களே எட்டு நிமிடம் என்றுதான் சொன்னார்கள். அரை மணி நேரம் என்று விளம்பரத்தில் பார்த்தால் படத்தைப் பெரிதாக்கி மூக்கையும் வாலையும் பாருங்கள். கழுகு உருவத்தில் விற்கும் பல பொம்மைகளில் அங்கே சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், சிறகு சும்மா விரிந்திருக்கும். அது விமானம், பறவை இல்லை.

உண்மையிலேயே சிறகடிப்பதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது, உதிரிச் சிறகும் பல்சக்கரமும் தனியாகக் கிடைக்குமா என்பது. மோட்டார் ஒரே பக்கம் சுற்றுகிறது. சிறகோ ஒவ்வோர் அடியிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்தின் அதிர்ச்சியும் அந்தப் பிளாஸ்டிக் பற்களில்தான் விழுகிறது. ஆகவே முதலில் தேய்வது அதுதான். மெல்லிய சிறகுத்தாள் கிழிவது அடுத்து. உடலை ஒட்டி மூடியிருந்தால் பல்சக்கரம் போன அன்றே குப்பைத்தொட்டி. வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் உதிரிபாகத்துக்கும் தனி அஞ்சல் செலவு. 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரக்கூடும்.

திடல் விஷயம். 250 கிராமைத் தாண்டினால்தான் பதிவு வேண்டும், அதனால் பொம்மைக்குப் பதிவு இல்லை. ஆனால் எடை குறைவு என்பதற்காக இட விதி தளராது. விமான நிலையம், ஆகாயப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வெளியே பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். உங்களுக்கு ஒரு பக்கம் சிலேத்தார் விமான நிலையம், இன்னொரு பக்கம் பாய லேபார் ஆகாயப்படைத் தளம்! சிறகடிக்கிறதா, விசிறி சுற்றுகிறதா என்று விதி பார்ப்பதில்லை. தவிர, 10 கிராம் பொருளை நம் புளோக்குகளுக்கு இடையே அடிக்கும் காற்று எந்த மாடிக்குக் கொண்டுபோகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மூடிய அரங்கில், அதன் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு விடுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் ரப்பர் பட்டை முறுக்கிவிடும் பறவை ஒன்று வாங்கிக் கொடுங்கள். 1870களில் பிரான்ஸில் பெனோ என்ற விமான முன்னோடி பறக்கவிட்டதும் அந்த வகைதான். மின்கலமும் இல்லை, கெடவும் அதிகம் இல்லை. பையன் ஒரு மாதம் சலிக்காமல் விளையாடினால் அடுத்ததைப் பார்க்கலாம்.

கேள்வி: உள்ளூர்க் கடையில் வாங்கிய சிறகு ரோபோ இரண்டாம் மாதமே நின்றுவிட்டது. விழுந்ததால் கெட்டது என்று கடைக்காரர் கைவிரிக்கிறார்.
- வாசகர், ஈசூன்

பதில்: வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்தது என்றுதான் இங்குள்ள பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். ஆனால் சுவரில் மோதி உடைந்ததற்கு இது பொருந்தாது. சிறகிலோ மூக்கிலோ அடிபட்ட தடம் இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். தடம் இல்லையென்றால் பிரிக்காமல் படம் எடுத்துவைத்து, பழுதுபார்க்கவோ மாற்றவோ எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். ரசீது இருக்கிறதல்லவா?