அக்காவுக்காகப் பிடித்துவைத்த நாற்காலி

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 28. திருப்பரங்குன்றத்தில் அம்மாவோடும் தம்பியோடும் வசிக்கிறேன். மாசி வீதியில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு எல்லைநிலை ஆளுமைக் கோளாறு, அதாவது பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனநல மருத்துவர் ஒருவர் சொன்னார். அதற்கு முன்பு பார்த்த வேறொருவர், "இது நோயில்லை, உங்கள் குணம், நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்" என்று மூன்று நிமிடத்தில் எழுப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சொல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அம்மா தன் பங்குக்கு என்னைப் பாண்டி கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டிக் கூட்டிவந்தார்.

ஓராண்டுக்கு முன், மருத்துவமனை வராந்தாவில் பழகிய சிலர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். எல்லோருக்கும் இதே நோய்தான். மாதம் இரண்டு ஞாயிறு, மாலை 4 மணிக்கு, அண்ணாநகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில் ஏழு பேர் கூடுவோம். மூத்தவரான ஓர் அண்ணன் சாவி வாங்கிவந்து அறையைத் திறப்பார். அங்கே பேசுவது அங்கேயே இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் விதி. முதல் நாள் ஒருவர், "பஸ்ஸில் இறங்கும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை" என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. உலகத்தில் நான் மட்டும் இப்படி இல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் சொல்லவருவதை நான் முடிக்கும் முன்பே அவர் முடித்துவிடுவார். சில மாதங்களாக, அவர் சாப்பிட்டாரா என்று கேட்காமல் நான் சாப்பிட்டதில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து அவருக்காக இடம் பிடித்திருந்தேன். தாமதமாக வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அன்றுதான் புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணின் அருகே போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. நான் எழுந்து வெளியே வந்து, வைகைப் பாலத்தைக் கடந்து தெப்பக்குளம் வரை நடந்தே போனேன். அன்று இரவு அவருக்கு 31 செய்திகள் அனுப்பினேன். அவற்றில் சிலவற்றை இப்போது படிக்கவே கூசுகிறது. பிறகு அவர் எண்ணைத் தடுத்தேன், விடிந்ததும் தடையை நீக்கினேன். "கொஞ்ச நாள் ஆகட்டும்மா" என்று ஒரு வரி மட்டும் அவரிடமிருந்து வந்தது. அண்ணனோ, "அடுத்த கூட்டம் வழக்கம்போல் 4 மணி" என்று மட்டும் அனுப்பினார். நான் ஏன் போனேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. அந்த வாரத்தில் இரண்டு இரவுகள் என்னை நானே காயப்படுத்திக்கொள்ளும் பழைய எண்ணம் வந்தது. செய்துகொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் குழுவில் ஒருவர் தனக்குத் தானே செய்துகொண்டதை விவரமாகச் சொன்னார். அந்த வாரம் எங்களில் மூவர் நிலைகுலைந்துபோனோம். "ஒரே நோய் உள்ளவர்கள் ஒன்றாகக் கூடினால் நோய் கூடத்தானே செய்யும்" என்கிறான் தம்பி. அந்த நாற்காலி ஞாயிற்றுக்குப் பின் இரண்டு கூட்டங்களுக்கு நான் போகவில்லை. திரும்பப் போகலாமா, அல்லது இத்தோடு விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

*

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த இரண்டு இரவுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்ணம் வந்தும் நீங்கள் செய்துகொள்ளவில்லை. அப்போது எதைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதிப் படுக்கையருகே வையுங்கள். அப்படியோர் இரவு மறுபடி வந்தால் அம்மாவை எழுப்புங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய கட்டணமில்லாச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் மருத்துவரிடம் அடுத்த தேதி வரை காத்திராமல் முன்கூட்டியே போய், இந்த இரண்டு இரவுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில் ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, கைவிடப்பட்டுவிடுவோம் என்ற அச்சத்தில், அது உண்மையானாலும் கற்பனையானாலும், அதைத் தடுக்கத் துடிதுடித்து எதையாவது செய்வது. இரண்டாவது, ஒருவரை உச்சத்தில் தூக்கிவைப்பதும் அதே வேகத்தில் கீழே தள்ளுவதும். நாற்காலியிலிருந்து தெப்பக்குளம் வரையிலான உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டுமே இருக்கின்றன. இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. "உங்கள் குணம்" என்று முன்பு ஒருவர் சொல்லி அனுப்பினாரே, அது எவ்வளவு பிழை என்பதைக் காட்டவே எழுதுகிறேன். அடையாளம் கண்டு, பெயரிட்டு, 1980 முதல் அந்தக் கையேட்டில் இடம்பெற்று, அதற்கென்றே சிகிச்சை முறைகள் வகுக்கப்பட்ட ஒரு நோயைக் குணம் என்று தள்ளிவிட முடியாது. அந்த ஒன்பதில் ஐந்து இருந்தால் நோய் என்று கொள்வார்கள். கணக்கு எழுதுகிறவர் என்பதால் உங்களுக்கு இது உடனே புரியும்: இரண்டு பேருக்கு இதே நோய் இருந்தும், இருவருக்கும் பொதுவான அடையாளம் ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடும். நீங்கள் முடிக்கும் முன் அக்கா முடித்துவிடுகிறார் என்பதால், அவருடைய மனமும் உங்களுடைய மனமும் ஒரே அச்சு என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவருக்கும் அதே நோய் இருக்கிறது, ஆனால் அவர் வேறொரு மனுஷி. 31 செய்திகள் வந்த அந்த இரவு அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்பது நமக்குத் தெரியாது. "கொஞ்ச நாள் ஆகட்டும்மா" என்ற வரியிலும் அந்த 'மா' விட்டுப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தம்பி சொல்வதில் கால்பங்கு உண்மை. அந்தக் கால்பங்கைச் சரிசெய்ய வழி இருக்கிறது, அது பல ஆண்டுகளாகப் பழக்கத்திலும் இருக்கிறது. இந்த நோய்க்கான சிகிச்சைகளில் நன்கு ஆராயப்பட்ட ஒன்றான டி.பி.டி.யை, அதாவது இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை, உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் நெடுங்காலம் இருந்ததையும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதையும் அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய முறையில் தனி ஆலோசனையோடு வாரந்தோறும் ஒரு குழு வகுப்பும் உண்டு. உணர்ச்சியை அடக்காமல் ஆளவும், தாங்கமுடியாத நேரத்தைக் கடக்கவும், உறவில் கேட்கவேண்டியதைக் கேட்கவும், நிகழ்கணத்தில் மனத்தை நிறுத்தவும் அங்கே பள்ளிக்கூடம்போல் பாடம் நடக்கும், வீட்டுப்பாடமும் உண்டு. அந்த வகுப்பில் கண்டிப்பான ஒரு விதி: தன்னைக் காயப்படுத்திக்கொண்ட கதையைச் சக உறுப்பினர்களிடம் யாரும் விவரிக்கக்கூடாது. அது சிகிச்சையாளரிடம் தனியாகச் சொல்லவேண்டியது. ஒருவர் விவரிக்க, கேட்டிருந்த மூவர் நிலைகுலைந்த உங்கள் குழுவின் அனுபவம் எல்லா இடத்திலும் நடக்கக்கூடியது என்பதால்தான் அந்த விதி வந்தது.

உங்கள் குழு அந்த வகுப்பு அல்ல. சிகிச்சையாளர் இல்லாமல், நோயுள்ளவர்களே ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. 1935-இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் சந்தித்துத் தொடங்கியதன் வழியில் வந்தது. அதன் வலிமை, பஸ்ஸில் இறங்கியவர் திரும்பிப் பார்க்காத கதைக்கு யாரும் சிரிக்காமல் இருந்தது. எந்த ஆலோசகராலும் அதைத் தரமுடியாது, நானும் உட்பட. ஆனால் பேசியது வெளியே போகக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு, கைவிடப்படும் அச்சம் உள்ள ஏழு பேர் ஓர் அறையில் உட்காருவது போதாது என்பது என் கருத்து. இரண்டு விதிகளைக் கூட்டத்தில் முன்வைத்துப் பாருங்கள். காயத்தின் விவரம் பேசக்கூடாது; "இந்த வாரம் கடினமாக இருந்தது, உதவி கேட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரவு நெருக்கடிக்குக் குழுவில் யாரும் யாரையும் நம்பியிருக்கக்கூடாது. ஒவ்வொருவரும் குழுவுக்கு வெளியே இரண்டு பேரின் எண்ணையும் 14416-ஐயும் எழுதி வைத்திருக்கவேண்டும். தனி நட்பு கூடாது என்று நான் சொல்லமாட்டேன், மனிதர்கள் பழகத்தான் செய்வார்கள். அது அறையில் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால் போதும். குழு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தனி ஆலோசனைக்கு மாற்றாகாது. அதற்கு மருத்துவ உளவியலாளர் ஒருவரைப் பரிந்துரைக்கும்படி உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

நான் ஏன் உங்களைத் திரும்பப் போகச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும். மேரி ஸனரீனி என்ற உளவியலாளரின் குழு, அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்த 290 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டது. 93 விழுக்காட்டினருக்கு நோய்க்குறிகள் குறைந்தபட்சம் இரண்டு ஆண்டுகள் தணிந்திருந்தன. இந்த நோய் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய செய்தி. ஆனால் நோய்க்குறி தணிந்ததோடு வேலையிலும் உறவிலும் நன்றாக நிலைத்தவர்கள் என்று பார்த்தால் பாதிப்பேர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் எனக்கு முக்கியம். கொந்தளிப்பு அடங்குகிறது; கோபித்துக்கொண்டு போன வீட்டுக்குத் திரும்பி வரத் தெரியாமல் இருப்பது அடங்குவதில்லை. அதை மாத்திரை கற்றுத்தராது. இந்த நோய்க்கென்று தனி மருந்து இல்லை. உங்களுக்கு எழுதித் தரப்படுபவை கூடவே இருக்கக்கூடிய மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை போன்றவற்றுக்காக இருக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உறவில் ஒரு விரிசல் விழுந்து, பின் அதே இடத்துக்குப் போய், அதே ஆட்களின் முகத்தைப் பார்த்து உட்காருவதை எங்காவது பழகித்தான் ஆகவேண்டும். அலுவலகத்தில் பழகினால் வேலை போகும், கல்யாணத்தில் பழகினால் வாழ்க்கை போகும். மாதம் இரண்டு ஞாயிறு டியூஷன் சென்டர் மாடியில் பழகினால் ஒரு மாலை சங்கடமாகப் போகும், அவ்வளவே.

அண்ணன் அனுப்பிய வரியை நீங்கள் அக்கறையின்மை என்று படித்திருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. "ஏன் போனாய், என்ன ஆயிற்று" என்று அவர் துருவியிருந்தால் இரவு ஒரு மணிவரை அவரோடும் உங்களுக்குச் செய்திகள் ஓடியிருக்கும். மறு வாரம் அவரும் ஓர் அக்கா ஆகியிருப்பார். நேரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டதில், கூட்டம் நடக்கும், அதில் நீங்களும் உண்டு என்பது இருக்கிறது.

அக்காவுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "அன்று நான் எழுதியவை உங்களைப் புண்படுத்தியிருக்கும், வருந்துகிறேன், பதில் வேண்டாம்." பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீலக்குறியைப் பார்க்கப்போகிறீர்கள், அதுவும் தெரியும். இரண்டாவது செய்திக்குக் கை போகும்போது, அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அரை நிமிடம் அமிழ்த்துங்கள். இதயத்துடிப்பு இறங்கும், விரலும் நிற்கும். இதய நோய் ஏதும் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அம்மா கட்டிய கயிற்றோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. மாத்திரையும் மருத்துவரும் தொடரும்வரை, பாண்டி கோயிலுக்கும் அவரோடு போய்வாருங்கள். அந்த வழியில் எதை நினைத்து உங்களைப் பயப்பட வைக்கிறது இந்த நோய் என்பதை ஒரு வாக்கியமாவது அவருக்குச் சொல்லிப் பாருங்கள். கயிறு கட்டியவர் உங்களை விட்டுவிட நினைப்பவர் அல்லவே.

அடுத்த கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போங்கள், தாமதமாகப் போய் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நுழையவேண்டாம். உங்கள் முறை வரும்போது, "அன்று ஒரு நாற்காலிக்காக எழுந்து போனேன்" என்று சொல்லுங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். அக்கா வந்தாலும் வராவிட்டாலும், வந்து எங்கே உட்கார்ந்தாலும், கைப்பையை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.