2017 க்விட் எடுக்கலாமா, மலை ஏறுமா?

கேள்வி: அண்ணே, நான் திண்டுக்கல். இங்க ஒரு கார் கன்சல்டிங்ல 2017 ரெனோ க்விட் 0.8 நிக்குது, செகண்ட் ஓனர், ரெண்டே கால் லட்சம் சொல்றாங்க. வீட்ல நாலு பேர், மாமனார் ஊரு கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலை, மாசம் ஒருதடவ போவோம். வாங்கலாமா?

பதில்: டவுனுக்குள்ள ஓட்டத்தான்னா சரி எடுங்கன்னு சொல்லியிருப்பேன் தம்பி, பெருமாள்மலைன்னதும்தான் யோசனையா இருக்கு. க்விட் ஒண்ணும் மோசமான வண்டி இல்ல, 2015ல வந்தப்பவே 180 எம்எம் கிரவுண்ட் கிளியரன்ஸ், 300 லிட்டர் டிக்கி, அந்த விலைக்கு அதெல்லாம் பெரிய விஷயம், ஊருக்குள்ள இருக்கிற ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டாது. ஓரகடத்துல செய்யற வண்டிதான், ஆனாலும் மாருதி மாதிரி மூலைக்கு மூலை மெக்கானிக் கிடைப்பாருன்னு நம்பாதீங்க.

0.8ல இருக்கிறது 799 சிசி இன்ஜின், பவர் 54 பிஎஸ். நாலு பேரு, பையி, ஏசி எல்லாத்தோடயும் வத்தலக்குண்டு தாண்டி காட் ரோடு ஏறினா ஹேர்பின்ல செகண்ட்ல திணறும், ஃபர்ஸ்ட்டுக்கு வரணும், பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சே கொல்லுவாரு. ஏசிய ஆஃப் பண்ணிட்டா ஏறிரும், ஆனா மாசாமாசம் அப்படி போக முடியுமா? க்விட்லயே பெரிய இன்ஜின் போட்ட 1.0ல 68 பிஎஸ், மலைல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

அதவிட எனக்கு உறுத்தறது சேஃப்டி. 2016ல குளோபல் என்கேப்னு வண்டிய மோதவிட்டுப் பாக்கற டெஸ்ட்ல முதல்ல ஜீரோ ஸ்டார், திருத்திக் கொண்டுவந்த வண்டிக்கும் ஒரே ஸ்டார்தான். 2017 வண்டில ஏபிஎஸ், அதாவது பிரேக் அமுக்கும்போது வீல் லாக்காகாம பாத்துக்கறது, கிடையாது, டிரைவர் ஏர்பேக்கே டாப் வேரியண்ட்ல ஆப்ஷனா வந்துச்சு. மழைல கீழ இறங்கும்போது திடீர்னு பிரேக்க அமுக்கினா வீல் லாக்காகி வண்டி வழுக்கும், ஸ்டீரிங்க திருப்பினாலும் கேக்காது. ஏபிஎஸ், டிரைவர் ஏர்பேக் ரெண்டையும் 2019லதான் கவர்மெண்ட் கட்டாயமாக்குச்சு, பக்கத்து சீட்டு ஏர்பேக் ஏற்கனவே வித்துட்டிருந்த மாடல்களுக்கு 2022 ஜனவரிலதான் வந்துச்சு.

அதனால இத விட்டுட்டு, கொஞ்சம் கூட போட்டு 2020க்கு அப்புறம் வந்த 1.0வா தேடுங்க, மூணு சிலிண்டர் உதறல் அதுலயும் இருக்கும், பழகிரும். பாக்கப் போறப்ப பானட்ட தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆகறதுல கோளாறு இருந்தா தெரியாது, இன்னொரு நாள் சொல்லாம காலைல போங்க. ஆர்சில ஹெச்பி, அதாவது வண்டி மேல இருக்கிற லோன் பதிவு, கேன்சல் ஆகலன்னா அட்வான்ஸ் ஒத்த ரூபா குடுக்காதீங்க.