ஹேடன்ஸ் ரோட்டில் இறங்குவதா, விம்பிள்டன் வரை போவதா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். அம்மாவை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. கோயிலுக்குப் பக்கத்து ஸ்டேஷன் ஹேடன்ஸ் ரோடு என்று மேப் காட்டுகிறது. ஆனால் அங்கே அரை மணிக்கு ஒரு ரயில்தான். போன தடவை பிளாக்ஃப்ரையர்ஸில் ‘சட்டன்’ என்று போட்டிருந்த வண்டியில் ஏறி, மிட்சம் ஜங்ஷனில் போய் நின்றோம். எங்கே தவறினோம்?

பதில்: வண்டியின் பெயர்ப்பலகையை மட்டும் நம்பியதுதான் வினை. லண்டனிலிருந்து சட்டனுக்கு இரண்டு வழிகள். ஒன்று டூட்டிங், ஹேடன்ஸ் ரோடு, விம்பிள்டன் வழியாகப் போகும். மற்றது மிட்சம் ஜங்ஷன், கார்ஷால்டன் வழியாக. இரண்டும் சட்டனில் சந்தித்து ஒரு வளையமாகின்றன. அதைத்தான் ‘சட்டன் லூப்’ என்கிறார்கள். இந்த வழியில் ரயில் விடும் தேம்ஸ்லிங்க் நிறுவனத்தின் வண்டிகள் மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் ஓடுவதால், ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை மணிக்கு ஒன்று என்று ஆகிவிடுகிறது.

பிளாக்ஃப்ரையர்ஸில் அடுத்த முறை கடைசி ஊர்ப்பெயரைப் பார்க்காதீர்கள். அதன் கீழே ஓடும் நிறுத்தங்களின் வரிசையில் டூட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். தவறி ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். இரண்டு வழிக்கும் பொதுவான கடைசி நிறுத்தம் ஸ்ட்ரெட்டம். அங்கே இறங்கி விம்பிள்டன் பக்க வண்டிக்குக் காத்திருந்தால் போதும்.

திரும்பும்போது விம்பிள்டனில் ஏறுவதாக இருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே தேம்ஸ்லிங்குக்கு 9ஆம் பிளாட்பாரம் ஒன்றுதான். லண்டன் போகிற வண்டியும் சட்டன் போகிற வண்டியும் அதே தண்டவாளத்தில், அதே பிளாட்பாரத்துக்கு வரும். பக்கத்து 10ஆம் பிளாட்பாரம் 2000இல் டிராமுக்குப் போய்விட்டது. அடுத்த நிறுத்தம் ஹேடன்ஸ் ரோடு என்றால் ஏறுங்கள். விம்பிள்டன் சேஸ் என்றால் விட்டுவிடுங்கள். அவசரத்தில் சேஸ் பக்கம் ஏறினாலும் வளையத்தைச் சுற்றிக்கொண்டு லண்டன் வந்து சேர்வீர்கள், நேரம்தான் போகும். வண்டிகளைக் கூட்ட முடியாததற்கும் இந்த ஒற்றைப் பிளாட்பாரம் ஒரு காரணம். லண்டன் போகும் வழியில் ஹெர்ன் ஹில்லில் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவது இன்னொன்று. வண்டி குறைவு என்று தேம்ஸ்லிங்கைத் திட்டுகிறவர்கள் இந்த இரண்டு இடங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஹேடன்ஸ் ரோடு வழியாகப் போகும் இந்தப் பாதைக்கு ஆரம்பத்திலிருந்தே யோகம் குறைவு. இரண்டு ரயில் கம்பெனிகளின் கூட்டுப் பாதையாக 1868 அக்டோபர் 1இல் திறந்தார்கள். அப்போது ஹேடன்ஸ் ரோடு ஸ்டேஷனின் பெயர் ஹேடன்ஸ் லேன்; 1889இல் இன்றைய பெயர் வந்தது. முதல் உலகப்போரில் 1917 தொடக்கத்தில் மூடியவர்கள், போர் முடிந்தும் 1923 ஆகஸ்ட் வரை திறக்கவில்லை. திறந்து மூன்றே வருடத்தில், 1926இல், மார்டன் வரை ட்யூப் என்கிற சுரங்க ரயில் வந்துவிட்டது. டூட்டிங் பிராட்வேயிலும் சவுத் விம்பிள்டனிலும் அடிக்கொரு ரயில் கிடைக்கும்போது நீராவி வண்டிக்கு யார் காத்திருப்பார்கள்? 1929 மார்ச்சில் இந்தப் பாதைக்கு மின்சாரம் வந்தது. அதே சமயம் டூட்டிங்கிலிருந்து மெர்ட்டன் ஆபி வழியாகப் போன கிளையில் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிளையின் தடத்தில் இன்று மெரன்டன் வே என்ற சாலை ஓடுகிறது. ஹேடன்ஸ் ரோடு தப்பியதே பெரிது.

லூப் வண்டிகளை பிளாக்ஃப்ரையர்ஸோடு நிறுத்திவிடலாம் என்று 2011இல் ஒரு யோசனை வந்தது. இந்தப் பகுதி மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2013இல் அரசு பின்வாங்கியது. அதனால்தான் இன்றும் ஃபாரிங்டன், செயின்ட் பாங்க்ரஸிலிருந்து வண்டி மாறாமல் இங்கே வர முடிகிறது.

இனி உங்கள் பயணம். நீங்கள் தனியாகப் போவதென்றால் ஹேடன்ஸ் ரோடுதான் என் தேர்வு. ஈஸ்ட்ஹாமிலிருந்து ட்யூபின் டிஸ்ட்ரிக்ட் லைனில் பிளாக்ஃப்ரையர்ஸ், அங்கிருந்து சுமார் அரை மணி நேரம். கோயில் இருக்கும் எஃப்ரா ரோடு நடக்கிற தூரம்தான். அம்மா கூட வருகிறார்கள் என்றால் ஒரு நிறுத்தம் தள்ளி விம்பிள்டனில் இறங்குங்கள். அங்கே லிஃப்ட் உண்டு. வாசலிலேயே டாக்ஸியும் கிடைக்கும். இரண்டு ஸ்டேஷனும் 3ஆம் கட்டண மண்டலத்தில்தான் வருகின்றன.

காசைப் பார்த்தால், முழுவதும் டிஸ்ட்ரிக்ட் லைனிலேயே விம்பிள்டன் போவதுதான் மலிவு. ட்யூபையும் தேம்ஸ்லிங்கையும் சேர்த்துப் போனால் கட்டணம் கூடும். விம்பிள்டன் வண்டி நேராகக் கிடைக்காவிட்டால் ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறிக்கொள்ளலாம். நேரம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஆனால் வண்டிகள் அடிக்கடி வரும், வழி தவறுகிற பயமும் இல்லை. அம்மாவோடு போகும்போது எனக்கு இதுவே சரியென்று படுகிறது.

எப்படிப் போனாலும் ஏறும்போது ஸ்டேஷன் கருவியில் தொட்ட அதே அட்டையையோ போனையோ இறங்கும்போதும் தொடுங்கள். போனில் இருப்பது அதே வங்கி அட்டைதான் என்றாலும், அதைத் தனி அட்டையாகத்தான் கணக்கிடுவார்கள். சிறிய ஸ்டேஷனில் யாரும் கேட்காததால் தொடாமல் வெளியே நடந்துவிட்டால் முழுமையடையாத பயணம் என்று அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். வார நாளில் போவதாக இருந்தால் காலை 9.30க்குப் பிறகு புறப்படுங்கள். அதற்கு முன்னால் நெரிசல் நேரக் கட்டணம்; மாலை 4 முதல் 7 வரையும் அதேதான். சனி, ஞாயிறில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஞாயிறன்று தண்டவாள வேலை அடிக்கடி நடக்கும். முதல்நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை போனால் கால்பந்து அட்டவணையையும் ஒரு பார்வை பாருங்கள். ஏஎஃப்சி விம்பிள்டனின் பிளவ் லேன் மைதானம் 2020 நவம்பரிலிருந்து ஹேடன்ஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 3 மணி ஆட்டம் முடிந்து 5 மணிக்கு எல்லாரும் அந்த அரைமணி வண்டிக்குத்தான் வருவார்கள்.